பொச்சுமட்டைக் குவியலும் இருதலைப் பாம்பும்: மட்டக்களப்பிலிருந்து பாணமை வரை

திங்கள், மட்டக்களப்பு நகரம்

ஐப்பசி மழை நன்றாக இறங்கிவிட்டது. மண்ணுக்கடியில் வாழும் பாம்புகளைத் தேட இந்த இரண்டு மூன்று கிழமைதான் தோதான காலம். ஆவணியில் வந்தால் மண் இறுகிக் கிடக்கும். பாம்பு ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போயிருக்கும். மார்கழியில் வந்தால் வெள்ளத்துக்குள் நிற்க வேண்டும். இப்போது மேல்மண் ஒரு சாண் அளவுக்கு நனைந்து, அதற்குக் கீழே இன்னும் காய்ந்தே இருக்கிறது. மண்புழு அந்த நனைந்த படைக்கு ஏறிவிடும். அதைத் தின்னும் பாம்பும், அந்தப் பாம்பைத் தின்னும் பாம்பும் பின்னால் வரும்.

தேடுவது இலங்கைக் குழாய்ப் பாம்பு, சிலிண்ட்ரோஃபிஸ் மாக்குலேட்டஸ். சிங்களத்தில் தெபத் நயா, எங்கள் பக்கத்தில் இருதலைப் பாம்பு. இலங்கைக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாத இனம். நஞ்சு கிடையாது. இதன் சாதியை, அதாவது பேரினத்தைச் சேர்ந்த மற்ற இனங்கள் எல்லாம் மியன்மாரிலிருந்து இந்தோனேசியா வரை தென்கிழக்கு ஆசியாவில் இருக்கின்றன. நடுவில் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. பாம்பு வகைப்பாட்டில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த ஒரு இடைவெளியே போதும், இதைத் தேடி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வர.

கொண்டுவந்த சாமான் அதிகமில்லை. நாலு முள்ளு மண்வெட்டி ஒன்று, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை, 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த பைகள், மண் வெப்பமானி, மென்மையான வர்ணத் தூரிகை, தண்ணீர் தெளிக்கும் போத்தல். இவற்றைவிட முக்கியம் மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் ஒளிபுகு லெவல் டியூப். ஹார்ட்வெயார் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். உள் விட்டம் 6, 10, 20 மில்லிமீற்றர் என மூன்று அளவில் ஓரடித் துண்டுகள் வேண்டும். முனைகளை நெருப்பில் மெல்ல வாட்டி மழுங்கச் செய்யாவிட்டால் செதில் கீறுப்படும்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் காட்டுப் பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அனுமதி இல்லாதவர்கள் புரட்டிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், திரும்ப மூடலாம். வகைப்படுத்த அது பெரும்பாலும் போதும்.

இன்று பின்னேரம் நகருக்குள்ளேயே, பூச்சட்டிகளின் அடியில் புழுப்பாம்பு கிடைத்தது. சட்டியைத் தூக்கியதும் கறுப்பு நூல்த்துண்டு ஒன்று நெளியும். மண்புழு என்று நினைத்துத் தூக்கி எறிபவர்கள்தான் அதிகம். வித்தியாசம் காண ஒரு நொடி போதும்: மண்புழுவின் உடலில் வளையங்கள் இருக்கும், புழுப்பாம்பின் உடல் மினுங்கும், நாக்கை நீட்டினால் சந்தேகமே இல்லை. இது இன்டோடிஃப்ளொப்ஸ் பிராமினஸ். நீளம் 10 முதல் 15 சென்ரிமீற்றர். உடலைச் சுற்றி 20 செதில் நிரை. முதுகுக்கும் வயிற்றுக்கும் செதிலில் வேறுபாடே கிடையாது. கண் ஒரு செதிலுக்கு அடியில் கரும்புள்ளியாகத் தெரியும். வால் நுனியில் சின்ன முள் ஒன்று. கையில் எடுத்தால் அதை அழுத்திப் பார்க்கும், அதைத்தான் ‘கொட்டுகிறது’ என்கிறார்கள். கொட்டவும் முடியாது, கடிக்கவும் முடியாது. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்பனதான் சாப்பாடு.

இந்த இனத்தில் ஆண் கிடையாது. எல்லாம் பெண், கருக்கட்டாத முட்டையிலிருந்தே குஞ்சு வரும். நிறமூர்த்தத் தொகுதி மூன்று. ஒரு பூச்சட்டி மண்ணில் ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், புதிய நாடு ஒன்றில் குடியேறிவிடும். உலகெங்கும் பரவியது இப்படித்தான். பெயரும் ஊர் ஊராகத்தான் திரிந்தது: 1803-இல் டோடன் இதை எரிக்ஸ் சாதியில் வைத்தார், பிறகு டிஃப்ளொப்ஸ், பிறகு ராம்ஃபோடிஃப்ளொப்ஸ், 2014-இல் இன்டோடிஃப்ளொப்ஸ். மரபணு பார்த்து அதையும் மாற்ற வேண்டும் என்ற முன்மொழிவு இப்போது இருக்கிறது. வெளித்தோற்றத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத பிராணிக்கு இதுதான் நடக்கும்.

செதில் எண்ண 6 மில்லிமீற்றர் டியூப். ஈரத் தூரிகையால் தலையை முனைக்குள் வழிகாட்டினால் தானாகவே நுழையும். உள்ளே போனதும் இரண்டு முனையையும் பஞ்சால் தளர்வாக அடைத்து, டியூபை மெல்ல உருட்டி உருட்டி வில்லையால் பார்க்கலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மின்குமிழ் வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்தால் இந்த அளவுப் பாம்பு சூட்டில் செத்துப்போகும். வெயிலில் நிற்கும் வாகனத்தின் டாஷ்போர்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

செவ்வாய், படுவான்கரை

மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014-இல் இந்தப் பாலம் திறக்கப்படும் வரை இங்கே பாதைப்படகுதான். எழுவான்கரையின் கடல்மணலை விட்டு இந்தக் கரைக்கு வந்ததும் மண் மாறுகிறது: கபில நிற, களி கலந்த வயல்மண். கடற்கரை மணல் காய்ந்தால் சரியும், வளை நிற்காது. இந்த மண் ஈரத்தில் வளையைத் தாங்கும். குழாய்ப் பாம்பு ஆழமாகத் துளைக்கும் இயந்திரமல்ல. இளகிய மேல்மண், உக்கிய இலை, மற்றப் பிராணிகள் விட்டுப்போன வளை ஆகியவற்றுக்குள்தான் அதன் சீவியம். ஆகவே தேட வேண்டிய இடம் வயலின் நடுப்பகுதியல்ல. வயல் வாடியைச் சுற்றியுள்ள குப்பை, தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியல், விழுந்த பனங்குற்றி, பழைய மாட்டெருக் கும்பம்.

எருக் கும்பத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்க்காமல் கைவைக்கக்கூடாது. புது எரு உள்ளே சூடாக இருக்கும், அங்கே பாம்பு நிற்காது. 26 முதல் 29 பாகை காட்டும் பழைய விளிம்புகளைத்தான் கிளற வேண்டும். மண்வெட்டியை மேலிருந்து குத்துவதுதான் எல்லாரும் விடும் பிழை. முள்ளை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தடிப்பில் படை படையாக இழுத்து எடுத்தால் பாம்பு வெட்டுப்படாது. குற்றியையோ மட்டையையோ புரட்டும்போது தூரத்து விளிம்பை உங்கள் பக்கமாக இழுத்துத் தூக்குங்கள். திறக்கும் வாய் எதிர்ப்பக்கம் இருக்கும். அடியில் நாகமோ விரியனோ கிடந்தால் நடுவில் குற்றி நிற்கும். பார்த்து முடிந்ததும் குற்றி பழைய பள்ளத்திலேயே பழைய பக்கம் கீழாகப் படிய வேண்டும். அந்த ஈரத்தை நம்பித்தான் அடியில் ஒரு முழு உலகம் இருக்கிறது.

மூன்றாவது குவியலில் கிடைத்தது. வாடியில் நின்ற, வயல் பார்க்கும் முல்லைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் தலை தம்பி. வாலப் புடிச்சாலும் கொத்தும், கவனம்” என்றார். அவர் அப்படிச் சொல்வதற்கு முழு நியாயமும் அங்கே நடந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் பாம்பு ஓடவில்லை. உடலின் பின்பாதியைத் தட்டையாக்கி, தலையை உடற்சுருளுக்குள் செருகி, கட்டை வாலை மேலே வளைத்துத் தூக்கியது. வாலின் அடிப்பக்கம் கறுப்பும் வெள்ளையும். அந்த வால் மெல்ல இங்கும் அங்கும் அசைய, படமெடுத்த நாகக்குட்டி ஒன்று நிற்பதாகத்தான் கண் முதலில் வாசிக்கும். கீரியோ கோழியோ கொத்தினால் வாலில்தான் கொத்தும். தலை பத்திரமாக அடியில்.

கிட்டவிருந்து பார்த்தால்: சுட்டுவிரல் மொத்தம், தலையிலிருந்து வால் வரை ஏறக்குறைய ஒரே தடிப்பு, கழுத்து என்று ஒரு இடமே இல்லை. நீளம் 30 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். வளர்ந்தவை வழக்கமாக இந்த அளவுதான். இதைவிடப் பெரியவையும் உண்டு. முதுகில் செங்கல் நிறத்தில் இரண்டு நிரைப் பெரும்புள்ளிகள், அவற்றைச் சுற்றிக் கறுப்பு வலைப்பின்னல். வயிறு வெள்ளை, அதில் ஒழுங்கில்லாத கறுப்புத் திட்டுகள். செதில்கள் வழவழப்பு, எருவுக்குள் இருந்து வந்தும் ஒரு துகள் ஒட்டவில்லை. சரித்துப் பிடித்தால் வானவில் மினுக்கம் ஓடும்.

இனி வில்லை. நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் கண். ஊசித்தலை அளவுதான், ஆனால் சுற்றியுள்ள செதில்களிலிருந்து தனியாகத் தெரிகிறது. புழுப்பாம்பில் செதிலுக்கு அடியில் மங்கியிருந்தது நினைவிருக்கும். அடுத்தது கீழ்த்தாடையின் நடுவே ஓடும் நாடிப் பள்ளம். புழுப்பாம்பில் அது இல்லை. மூன்றாவது வயிற்றுச் செதில். சாரைப் பாம்பின் வயிற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அகலத் தகடுகள் இருக்கும். இங்கே நடுநிரைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடக் கொஞ்சம்தான் அகலம். நான்காவது கழிவாய். அதன் இருபுறமும் செதில்களுக்கு இடையே மிகச் சிறிய கூர்முனை ஒன்று, மலைப்பாம்பில் பெரிதாகத் தெரியுமே, அதே பின்கால் எச்சம். உடலுக்குள் இடுப்பெலும்பின் துண்டும் இருக்கிறது. இந்த முனையைக் காண, பாம்பை 20 மில்லிமீற்றர் டியூபுக்குள் அரைவாசி விட்டு, வெளியே நிற்கும் பின்பகுதியை ஈரத்துணியில் தாங்கி, கழிவாயின் ஓரத்தைத் தூரிகையால் மெல்லத் தள்ள வேண்டும். நகத்தால் கிளறாதீர்கள்.

நடுவுடலில் முதுகுச் செதில் நிரை 19 அல்லது 21. வயிற்றுச் செதில் 185 முதல் 212 வரை. வாலடிச் செதில் வெறும் 4 முதல் 6. வால் எவ்வளவு கட்டை என்பதற்கு இந்தக் கடைசி எண்ணே சாட்சி.

வயிற்றுச் செதில் எண்ணுவதில்தான் ஆளுக்காள் கணக்கு மாறும். மற்றப் பாம்புகளுக்கு 1951-இல் டௌலிங் வகுத்த முறை இருக்கிறது: இருபக்கமும் முதலாவது முதுகு நிரையைத் தொடும் தகட்டிலிருந்து தொடங்கு. வயிற்றுத் தகடும் முதுகுச் செதிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் இந்தப் பாம்பில் ‘தொடுவது’ எது என்றே தெரியாது. 2006-இல் கோவரும் அப்லெட்டும் இதற்கென்றே ஒரு வரையறை தந்தார்கள்: நாடியிலிருந்து நடுக்கோட்டில் வரும்போது, நீளத்தைவிட அகலம் கூடிய முதல் செதில்தான் ஒன்று, கழிவாய்ச் செதிலுக்கு முன் நிறுத்து. உயிருள்ள பாம்பில் விரலால் எண்ணினால் எப்படியும் பிசகும். டியூபுக்குள் நேராக நிற்கும்போது அடிமட்டத்தோடு சேர்த்துத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, திரையில் பத்துக்கொரு புள்ளி வைத்து எண்ணுவதே வழி. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள்.

கடிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அரிதாக. பல் சின்னது, நஞ்சுச் சுரப்பி இல்லை. வாய் அகலத் திறக்காது; மண்ணைத் தள்ளும் தலைக்கு இறுகிய மண்டையோடு வேண்டும், இறுகிய மண்டையோட்டால் அகல விழுங்க முடியாது. அதனால் இரை எல்லாம் ஒடுங்கி நீண்டவை: மண்புழு, புழுப்பாம்பு, மற்றச் சிறு பாம்புகள். முட்டையிடாது, குட்டி போடும்.

புதன், உன்னிச்சை

நாள் முழுக்க மழை. குளத்துக்கட்டில் ஏற வழியில்லை. வகைப்பாட்டுக் கதையை எழுதி முடிக்க ஏற்ற நாள்.

1758-இல் லின்னேயஸ் இந்தப் பாம்புக்கு வைத்த பெயர் அங்குவிஸ் மாக்குலேட்டா. பாம்புகளை அவர் பிரித்தது வயிற்றை வைத்து. வயிற்றில் தகடும் வாலடியில் செதிலும் இருந்தால் கொலுபர், இரண்டிலும் தகடு இருந்தால் போவா, இரண்டிலும் செதில் மட்டும் இருந்தால் அங்குவிஸ். எண்ணுவதற்கு இலகுவான, தெளிவான முறை. ஆனால் அந்த அங்குவிஸ் என்ற பெட்டிக்குள் யார் யார் போய் விழுந்தார்கள் பாருங்கள்: எங்கள் இருதலைப் பாம்பு, தென்னமெரிக்காவின் சிவப்புக் குழாய்ப் பாம்பு, கூடவே ஐரோப்பாவில் வாழும் காலில்லாப் பல்லி ஒன்று. பல்லியும் பாம்பும் ஒரே சாதி.

1828-இல் வாக்லர் சிலிண்ட்ரோஃபிஸ் என்ற சாதியைத் தனியாக்கினார். 1843-இல் ஃபிட்சிங்கர் அதற்கு ஒரு குடும்பத்தை வைத்தார். ஆனாலும் தென்னமெரிக்கப் பாம்போடு இருந்த உறவு விடவில்லை. 1893-இல் புலஞ்சர் இரண்டையும் இலிசியிடே என்ற ஒரே குடும்பத்தில் சேர்த்தார். பின்னால் அது அனிலியிடே ஆயிற்று. காரணங்கள் கையில் இருந்தன: இரண்டிலும் உருளை உடல், கட்டை வால், ஒடுங்கிய வயிற்றுச் செதில், பின்கால் முனை, சின்ன வாய். கண்ணில் மட்டும் ஒரு வேறுபாடு. தென்னமெரிக்கப் பாம்பின் கண் ஒரு பெரிய செதிலுக்கு அடியில், எங்களுடையதில் வெளியே.

இந்தக் காரணங்களில்தான் ஓட்டை இருந்தது. பின்கால் எச்சமும் சின்ன வாயும் பழைய பாம்புகள் பலவற்றில் இருந்திருக்கக்கூடிய குணங்கள். ஒரே பாட்டனின் பழைய வீட்டுச் சாமானை இரண்டு பேரப்பிள்ளைகள் எறியாமல் வைத்திருந்தால், அவர்கள் இருவரும் மற்றப் பேரப்பிள்ளைகளைவிட நெருங்கியவர்கள் என்று ஆகாது. உருளை உடலும் கட்டை வாலும் இன்னொரு வகை: மண்ணுக்குள் போகிற எதற்கும் அவை பயன்படும், ஆகவே தனித்தனியே பல தடவை தோன்றலாம். உறவைக் காட்ட, இருவரும் பங்குபோடும் புதிய குணம் வேண்டும்.

மரபணுத் தொடர்களை ஒப்பிட்டபோது அந்தக் குடும்பம் உடைந்தது. தென்னமெரிக்கக் குழாய்ப் பாம்பு, கரீபியன் பக்கத்துத் ட்ரொபிடோஃபிஸ் என்ற குள்ளப் பாம்புகளோடு போய்ச் சேர்ந்தது. வெளித்தோற்றத்தில் அவை இரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. அந்தக் கிளைக்கு 2007-இல் அமெரோஃபிடியா என்று பெயர் வைத்தார்கள். அது மற்றப் பாம்புகளிலிருந்து பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன், தென்னமெரிக்காவும் ஆபிரிக்காவும் விலகிய காலத்தோடு பொருந்துகிறது என்பது கணிப்பு. எங்கள் இருதலைப் பாம்போ சிலிண்ட்ரோஃபியிடே என்ற தன் சொந்தக் குடும்பத்தில், மலாயா, சுமாத்திரா, போர்னியோ பக்கத்து அனோமொகைலஸ், இலங்கை, தென்னிந்தியக் கேடயவால் பாம்புகள் ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கிறது.

ஆகவே பழைய நூலில் அனிலியிடே என்றும், இன்னொன்றில் யூரோபெல்டிடே என்றும், இன்றைய பட்டியலில் சிலிண்ட்ரோஃபியிடே என்றும் கண்டால் குழம்ப வேண்டாம். மூன்றும் ஒரே பாம்பு. இனப்பெயர் மாக்குலேட்டஸ் 1758-இலிருந்து நின்றுகொண்டே இருக்கிறது. அதை வைத்துத் தேடுங்கள்.

வியாழன், சம்மாந்துறை

வயல் வட்டைகளில் உழவு தொடங்கிவிட்டது. ரோட்டவேற்றர் ஓடிய நிலத்தில் மண்ணடிப் பாம்பைத் தேடுவது வீண். வெட்டுண்ட துண்டுகள்தான் கிடைக்கும், கொக்குகள் முந்திவிடும். வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும்தான் மீதி. மழைக்கு மறுநாள் காலை வாய்க்கால் ஓரத் தார்வீதியை நடந்து பார்த்தால், வளைக்குள் நீர் நிறைந்து வெளியேறி, வாகனம் ஏறிய பாம்புகள் கிடக்கும். சோகமான சேகரிப்பு, ஆனால் செதில் எண்ண அனுமதியும் டியூபும் உள்ளவருக்கு இதைவிடத் தெளிவான பொருள் இல்லை. விரியன் வகை செத்த பிறகும் கொஞ்ச நேரம் தெறிவினையாகக் கடிக்கும். தலை நசுங்காத எதையும் குச்சியால்தான் திருப்ப வேண்டும்.

பாம்பு கழற்றிய சட்டை கிடைத்தால் அதுவும் நல்ல சான்று. இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடித் தட்டில் விரித்து எண்ணலாம். சட்டை இழுபட்டு நீளும், ஆகவே அதில் அளந்த நீளத்தைப் பாம்பின் நீளமாக எழுதக்கூடாது. எண்ணிக்கை மாறாது. நிறம் இருக்காது என்பது ஒருவகையில் நல்லது. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போகும்.

கடைத்தெருவில் ஒரு இளைஞர் தொலைபேசியில் காணொளி ஒன்றைக் காட்டி, “காக்கா, இது இப்ப எத்தின லட்சம் போகும்?” என்று கேட்டார். இந்தியாவில் மண்ணுளிப் பாம்பு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லி நடக்கும் மோசடியின் வால் இங்கேயும் நீண்டிருக்கிறது. அந்தக் காணொளிகளில் வருவது எரிக்ஸ் ஜோனி. இலங்கையில் அது கிடையாது. இங்குள்ள மண்ணுளி எரிக்ஸ் கொனிகஸ், அதுவும் வடபகுதி உலர்நிலத்தில். நடுவுடலில் 40-க்கு மேற்பட்ட நிரை, செதில்கள் முரடு. 19 அல்லது 21 நிரை வழவழப்புக் குழாய்ப் பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் மருத்துவக் குணமும் இல்லை, சந்தை விலையும் இல்லை, பிடிபட்டால் வழக்கு மட்டும் உண்டு.

வெள்ளி, இங்கினியாகலை

சேனநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டுக்குக் கீழே. மேற்கே மலைகள் எழும்பத் தொடங்குகின்றன, கேடயவால் பாம்புகளின் நாடு அந்தப் பக்கம்தான். பெரும்பான்மை மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் வாழ்கின்றன. உலர்வலயத்தில் சில மட்டும். 1801-இல் ஷ்னைடர் விவரித்த ரைனோஃபிஸ் ஒக்சிரின்கஸ் அவற்றில் ஒன்று.

இன்று கேடயவால் எதுவும் கிடைக்கவில்லை, குழாய்ப் பாம்பு ஒன்று தேக்கிலைச் சருகுக்கு அடியில் கிடைத்தது. ஆனாலும் இரண்டையும் ஒப்பிட இதுவே இடம். கேடயவாலின் தலை கூம்பி மூக்கு நுனி முளையாக இருக்கும். வால் நுனி வெட்டியெடுத்தது போலவோ உருண்டோ, கெட்டியான கேடயத்தோடு முடியும். அதில் மண் ஒட்டி, பின்னால் வருபவனுக்கு வளையை அடைத்துவிடும். நடுவுடலில் நிரை பெரும்பாலும் 17. பின்கால் எச்சம் கிடையாது. துளைக்கும் முறைதான் அதிசயம்: முன்னுடலில் தோலுக்குள்ளேயே முள்ளந்தண்டு நெளியும், உடல் தடித்து வளைச்சுவரில் இறுகும், பிறகு தலை அம்பாய்ப் பாயும். முன் மூன்றிலொரு பங்குத் தசை மட்டும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறைந்து செக்கச் சிவந்திருக்கும், பின்பகுதி வெளிறியிருக்கும். 1978-இல் கார்ல் கான்ஸ் குழுவினர் காட்டியது இது. முன்னே எஞ்சின், பின்னே பெட்டிகள். குழாய்ப் பாம்பில் இந்த ஏற்பாடு இந்த அளவுக்குப் போகவில்லை. அதனால்தான் அது இளகிய மண்ணோடு நின்றுவிடுகிறது.

பெயர்க் குழப்பத்தில் இந்தக் குடும்பமும் சளைத்ததல்ல. இலங்கையில் மட்டும் வாழும் இரண்டு கேடயவால் பாம்புகளுக்கு குவியே பிலிப்பினஸ் என்று பெயர் வைத்தார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் கேடயவால் பாம்பே இல்லை. ஒன்று ரைனோஃபிஸிலும் மற்றது சூடோடிஃப்ளொப்ஸிலும் இருந்தவரை சமாளிக்கலாம். 2016-இல் சூடோடிஃப்ளொப்ஸ் ரைனோஃபிஸுக்குள் இழுக்கப்பட்டதும் ஒரே சாதிக்குள் இரண்டு பிலிப்பினஸ்! ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா, அதனால் சூடோடிஃப்ளொப்ஸிலிருந்து வந்ததற்கு, 1853-இல் கெலார்ட் வைத்த சஃப்ரகாமஸ் என்ற பெயர் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

சனி, பொத்துவில், பாணமை

கடலோர மணல் மறுபடி. இங்கே குழாய்ப் பாம்பைவிட முக்கியம், அதுவென்று நினைத்து வேறொன்றில் கைவைக்காமல் இருப்பது.

முதல் ஆள் பவளப் பாம்பு, கலியோஃபிஸ் மெலனூரஸ். மெலிந்தது, தலையும் கழுத்தும் கறுப்பு, முதுகு வெளிர்கபிலம், வயிறு பவளச் சிவப்பு, வாலில் இரண்டு கறுப்பு வளையம். இது நாகக் குடும்பம், இதற்கு நஞ்சு உண்டு. பயமுறுத்தினால் இதுவும் வாலைச் சுருட்டித் தூக்கி நீலச்சாம்பல் அடிப்பக்கத்தைக் காட்டும். ‘வாலைத் தூக்கினால் இருதலைப் பாம்பு, ஒன்றும் செய்யாது’ என்ற பாடம் இங்கே ஆளைக் கொல்லும். நடுவுடலில் 13 நிரை, வயிற்றில் முழு அகலத் தகடு. குழாய்ப் பாம்பின் மொத்தமும் இதற்குக் கிடையாது, பென்சில் மொத்தம்தான்.

அடுத்தது கட்டுவிரியன். 15 நிரை, முதுகு நடுநிரை மட்டும் பெரிய அறுகோணச் செதில், வழவழப்பான கறுப்பில் சோடி சோடியாக மெல்லிய வெள்ளை வளையம். இரவில் குப்பைக்குள் இருக்கும். மூன்றாவது, கடற்கரை மணலில் வாழும் சுருட்டை விரியன். செதில்கள் அரத்தின் பல்லைப் போல முரடு, சுருண்டு உரசிச் சர்ரென்று ஒலி எழுப்பும். மணலில் பாதி புதைந்து கிடக்கும்போது மண்ணுளி என்று ஏமாறுபவர்கள் உண்டு.

மற்றொரு குழப்பம் ஆபத்தில்லாதது: நெசியா. இலங்கைக்கே உரிய சாதி, கால் சிறுத்தோ இல்லாமலோ மணலுக்குள் நீந்தும் அரணை. அழுத்திப் பிடித்தால் வால் உடைந்து கையில் துடிக்கும். பாம்பின் வால் அப்படிக் கழன்று வராது.

உயிரோடு இருக்கும், பெயர் தெரியாத பாம்பில் நிரை எண்ணப் போகாதீர்கள். ஒரு மீற்றருக்கு அப்பால் நின்று பெருப்பித்துப் படம் எடுங்கள்: மேலிருந்து முழு உடல், தலை பக்கவாட்டில், நடுவுடல், வால். படத்தில் நிரை எண்ண ஓரச்செதிலிலிருந்து சாய்வாக ஏறி, முதுகு நடுவைத் தொட்டு, மறுபக்கம் இறங்க வேண்டும்; நேராகக் குறுக்கே எண்ணினால் செதில்கள் விட்டுவிட்டு அடுக்கப்பட்டிருப்பதால் பாதி தவறும்.

கடிபட்டால், எந்தப் பாம்பு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கடிபட்ட கை காலை அசையாமல் தாங்கி உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. இறுக்கிக் கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம். இங்கே பாவிக்கும் இந்தியப் பாம்பெதிர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் தயாரிக்கப்பட்டது. பவளப் பாம்புக்கு அல்ல. கடித்ததைப் படம் எடுத்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போக வேண்டாம்.

பதிவு எழுதுபவர்களுக்கு. செத்த பாம்பைச் சேகரிக்க அனுமதி இருந்தால், ஃபோர்மலினில் போடுவதற்கு முன் ஈரலிலோ தசையிலோ அரிசி அளவுத் துண்டு ஒன்றை 95 வீத எதனோலில் எடுத்து வையுங்கள். ஃபோர்மலினில் ஊறியதில் மரபணு எடுப்பது பெரும்பாடு. துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எதனோலில் கரைந்துவிடும். திகதி, நேரம், இடத்தின் பெயர், ஜீ.பி.எஸ். அளவு, மண் வகை, மண் வெப்பம், எந்தப் பொருளின் அடியில், எவ்வளவு ஆழத்தில். ‘அம்பாறை’ என்று மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை. பாணமைக் கடற்கரையும் இங்கினியாகலைத் தேக்கங்காடும் ஒரே மாவட்டம்தான்.